ஆறாத சிறு புண்: மார்பகத்தில் தோன்றும் பேஜட் நோயும் அதன் அறுவை மருத்துவமும்

மார்பகப் புற்றுநோய் என்றவுடன் மக்கள் நினைவிற்கு வருவது கட்டியே. கையால் தொட்டால் தட்டுப்படும் கட்டி இருந்தால்தான் நோய் உண்டு என்றும், கட்டி இல்லையேல் அஞ்ச வேண்டுவதில்லை என்றும் பலரும் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் எல்லாவிடத்தும் பொருந்துவதன்று. கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படாமலே, முலைக்காம்பின் மேல் சிறு புண்ணாகவும் செதிலாகவும் அரிப்பாகவும் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயும் உண்டு. அதற்குப் பேஜட் நோய் என்று பெயர்.

இந்நோய் அரியது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 1 முதல் 3 பேர் வரையே இவ்வகையினர். அவ்வாறாயின், இதனை எல்லாரும் அறிந்திருக்க வேண்டுவது ஏன் என்ற கேள்வி எழலாம். மார்பகப் புற்றுநோய்கள் பலவும் உள்ளே மறைந்து வளர்கின்றன. பேஜட் நோயோ கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தன் வரவை அறிவிக்கிறது. அவ்வறிவிப்பை உரிய காலத்தில் உணர்ந்துகொண்டால் உயிர் காக்கும் வாய்ப்பு மிகுதி. வெறும் சொறி என்று களிம்பு தடவிக்கொண்டே மாதங்களைக் கழித்தால் அவ்வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இந்நோய் அறியப்பட்ட வரலாறு, அதனை அறுத்து நீக்கும் முறையில் நேர்ந்த மாற்றம், நோயாளியின் பிற்காலத்தை முடிவு செய்யும் காரணங்கள் ஆகியவை ஈண்டு முறையே விளக்கப்படும்.

நோய்க்குப் பெயர் தந்தவர்

சர் ஜேம்ஸ் பேஜட் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மத் என்னும் துறைமுக நகரில் 1814-ஆம் ஆண்டு பிறந்தார். 1834-இல் இலண்டன் மாநகரின் தொன்மையான புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். மறு ஆண்டிலேயே, பிணத்தை அறுத்துப் பயிலும்போது தசையில் காணப்பட்ட வெண்ணிறப் புள்ளிகளைக் கண்டு, அவை யாவை என்று உருப்பெருக்கியின் துணையால் ஆராய்ந்தார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் மிகச் சிறு புழு ஒன்று சுருண்டு கிடந்தது. அத்தகைய புள்ளிகளை அவருக்கு முன்னும் பலர் பார்த்ததுண்டு. ஆயினும் நின்று நோக்கியவர் முதலாண்டு மாணவரான பேஜட்டே. பிற்காலத்தில் அவர் விக்டோரியா அரசியாரின் அறுவை மருத்துவராகவும் விளங்கினார்.

எல்லாரும் பார்ப்பதை ஊன்றிப் பார்க்கும் இப்பண்பே 1874-ஆம் ஆண்டில் மற்றொரு கண்டுபிடிப்பிற்கும் வழி செய்தது. பர்த்தலோமியு மருத்துவமனையின் ஆண்டறிக்கையில் சில பக்கங்களே கொண்ட கட்டுரை ஒன்றை அவர் வெளியிட்டார். தாம் கண்ட ஏறத்தாழ 15 பெண்களின் நோய்நிலையை அதில் எடுத்துரைத்தார். அவர்கள் 40 வயது முதல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அனைவருக்கும் முதலில் முலைக்காம்பிலும் அதனைச் சூழ்ந்த கருவட்டத்திலும் தோல் சிவந்து, புண்பட்டு, மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான நீர் கசிந்தது. சிலருக்கு எக்சிமா எனப்படும் கரப்பானைப் போன்று காணப்பட்டது. அரிப்பும் எரிச்சலும் இருந்தனவேயன்றி உடல்நலம் வேறு வகையில் குன்றவில்லை. எவ்வகை மருந்திட்டும் புண் ஆறவில்லை. பின்னர், இரண்டு ஆண்டுகளுக்குள், பெரும்பாலோர்க்கு ஓராண்டிற்குள்ளாகவே, அதே மார்பகத்தின் உள்ளே புற்றுநோய் தோன்றியது.

இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. புற்றுநோய் அந்தப் புண்ணிலேயே வளரவில்லை. புண்ணிற்கும் உள்ளிருந்த புற்றுநோய்க்கும் இடையே நலமுடையதாகத் தோன்றிய தசைப்பகுதி இருந்தது. ஒன்றோடொன்று தொடாத இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டு என்று துணிந்து கூறியதே பேஜட்டின் சிறப்பாகும். (எலும்பு வளைந்து தடிக்கும் நோய் ஒன்றையும் அவர் 1877-இல் விளக்கினார். அதுவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆயினும் அந்நோய்க்கும் மார்பக நோய்க்கும் தொடர்பு ஏதும் இல்லை.)

எது காரணம், எது விளைவு?

பேஜட் கண்ட தொடர்பு உண்மையானது. ஆனால் அத்தொடர்பிற்கு அவர் கூறிய விளக்கம் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. மேலே உள்ள புண் நெடுநாள் உறுத்திக்கொண்டிருப்பதால் உள்ளே புற்றுநோய் பிறக்கிறது என்பது அவர் கருத்து. முதலிற் கண்ணுக்குத் தெரிந்தது புண். பிறகு தெரிந்தது கட்டி. ஆகவே முன்னது காரணம், பின்னது விளைவு என்று அவர் கொண்டார்.

1889-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் டாரியே, புண்பட்ட தோலை உருப்பெருக்கியில் ஆராய்ந்தபோது, தோலின் உயிரணுக்களுக்கிடையே பெரியனவும் வெளிறியனவுமான புதுவகை உருவங்களைக் கண்டார். அவற்றை ஒட்டுண்ணிகள் என்று அவர் கருதினார். இன்று அவை பேஜட் உயிரணுக்கள் எனப்படுகின்றன. அவை வெளியிலிருந்து வந்த உண்ணிகள் அல்ல. புற்றுநோய் உயிரணுக்களே ஆகும். 1904-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் யாக்கோபேயுஸ், மார்பகத்தின் உள்ளே பால்நாளத்தில் தோன்றிய புற்றுநோயே மேல்நோக்கிப் பரவித் தோலை அடைகிறது என்று விளக்கினார். இன்று பெரும்பாலான அறிஞர் ஏற்றுக்கொண்டுள்ள கொள்கை இதுவே.

இதனை விளங்கிக்கொள்ள மார்பகத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். மார்பகத்தினுள் பால் சுரக்கும் பகுதிகள் பல உள்ளன. அவற்றிலிருந்து புறப்படும் பால்நாளங்கள் முலைக்காம்பை நோக்கி வந்து அங்கே திறக்கின்றன. ஓர் ஊரின் பல தெருக்களும் ஒரே கடைவீதியில் வந்து கூடுவது போன்றது இவ்வமைப்பு. ஏதேனும் ஒரு நாளத்தின் உட்சுவரில் தோன்றிய புற்றுநோய் உயிரணுக்கள், அந்நாளத்தின் வழியே நகர்ந்து வந்து காம்பின் தோலுக்குள் நுழைகின்றன. அங்கே தோலின் கட்டுக்கோப்பைக் குலைத்துச் செதிலையும் புண்ணையும் உண்டாக்குகின்றன. தோலின் உயிரணுக்கள் சுரக்கும் ஒரு பொருளே அவற்றை அங்கு ஈர்க்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது.

பேஜட் நோயுற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரையில், அதே மார்பகத்தின் உள்ளே புற்றுநோய் இருப்பதாக அறியப்படுகிறது. எஞ்சிய சிலரிடம் உள்ளே ஒன்றும் காணப்படுவதில்லை. அவர்களுக்குக் காம்பின் தோலிலேயே நோய் தோன்றியிருக்கலாம் என்பது மற்றொரு கொள்கை. எவ்வாறாயினும், மேலே காணும் புண் உள்ளிருக்கும் நோயின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதே மருத்துவர் முதலிற் கருத வேண்டுவதாகும்.

கரப்பானிலிருந்து வேறுபடுத்தி அறிதல்

பேஜட் நோய் கரப்பானைப் போலவே தோன்றுவதால், தொடக்கத்தில் ஏமாந்து போவது எளிது. நோயாளி மட்டுமன்றிச் சில வேளைகளில் மருத்துவரும் ஏமாறுவதுண்டு. நோய் இன்னதென்று தெளிவதற்கு முன் பல மாதங்கள் கழிந்துவிடுவது இந்நோயில் வழக்கமாகக் காணப்படுவதாகும்.

இரண்டையும் பிரித்தறிய உதவும் குறிகள் சில உண்டு. கரப்பான் பெரும்பாலும் காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தில் தொடங்கும். காம்பைத் தொடாமல் விடுவதும் உண்டு. பேஜட் நோயோ காம்பிலே தொடங்கிப் பின்னரே கருவட்டத்திற்குப் பரவும். கரப்பான் இரு மார்பகங்களிலும் வருதல் உண்டு. பேஜட் நோய் ஏறக்குறைய எப்போதும் ஒரு பக்கத்திலேயே வரும். கரப்பான் உரிய களிம்பினால் சில வாரங்களில் தணியும். பேஜட் நோய் களிம்பினால் சிறிது தணிவது போலக் காட்டி, மீண்டும் அதே இடத்தில் தோன்றும். இவற்றோடு, காம்பு தட்டையாதல், உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து குருதியோ மஞ்சள் நீரோ கசிதல் ஆகியவையும் பேஜட் நோயின் அறிகுறிகள் ஆகலாம்.

குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார்க்குக் காம்பில் வெடிப்பு ஏற்படுவது இயல்பு. அது விரைவில் ஆறிவிடும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இந்நோய் பெரும்பாலும் 50 வயதை ஒட்டியும் அதற்குப் பின்னும் வருவது. அமெரிக்கப் பதிவுகளின்படி இந்நோய் கண்டறியப்படும் சராசரி வயது 57 ஆகும். ஆண்களுக்கும் இது வருவதுண்டு. ஆனால் அது மிக அரிது.

குறிகளைக் கொண்டு ஐயுறலாமேயன்றி முடிவு செய்ய இயலாது. முடிவு செய்வது திசுச்சோதனையே. காம்பின் தோலிலிருந்து சிறு துண்டு ஒன்றை, மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்து, உருப்பெருக்கியில் ஆராய்வர். சில நிமிடங்களில் முடியும் இச்சிறு சோதனையே பல மாத ஐயத்தைத் தீர்த்துவிடும். இரண்டு மூன்று வாரங்கள் களிம்பிட்டும் ஆறாத காம்புப் புண்ணிற்குத் திசுச்சோதனை செய்துவிட வேண்டும் என்பது மருத்துவ நூல்கள் வற்புறுத்தும் விதியாகும்.

தோலில் நோய் உறுதியான பின், உள்ளே என்ன இருக்கிறது என்று காண வேண்டும். அதற்கு மார்பக ஊடுகதிர்ப் படமும் மீயொலிச் சோதனையும் உதவுகின்றன. ஊடுகதிர்ப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று கொள்ளலாகாது. கட்டி தட்டுப்படாத பேஜட் நோயாளர் பலருக்கு இப்படம் இயல்பாகவே இருக்கும். அத்தகையோர்க்கு, காந்தப் புலத்தைக் கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் மறைந்திருக்கும் நோயைக் காட்டக்கூடும்.

அனைத்தையும் அறுத்த காலம்

இனி அறுவை மருத்துவத்திற்கு வருவோம். பேஜட் நோயை அறுக்கும் முறை, மார்பகப் புற்றுநோய் அனைத்தையும் அறுக்கும் முறையோடு சேர்ந்தே மாறி வந்துள்ளது.

அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்ட்டட், 1894-இல் தம் அறுவை முறையை 50 நோயாளரின் விவரத்தோடு வெளியிட்டார். புற்றுநோய் தோன்றிய இடத்திலிருந்து படிப்படியாகச் சுற்றிலும் பரவுகிறது, ஆகவே போதிய அகலத்திற்கு அறுத்துவிட்டால் வேரோடு களையலாம் என்பது அவர் கொள்கை. அதன்படி மார்பகம் முழுவதையும், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றினார். முந்தைய முறைகளில் அறுத்த இடத்திலேயே நோய் திரும்பத் தோன்றியது. அவர் முறையில் அது வெகுவாகக் குறைந்தது. ஆகவே ஏறத்தாழ 70 ஆண்டுகள் இம்முறையே உலகெங்கும் கோலோச்சியது.

ஆனால் அதற்குப் பெண்கள் கொடுத்த விலை பெரிது. நெஞ்சு குழிந்து விலாவெலும்புகள் தெரியும். கை வீங்கும்; தோளை உயர்த்த இயலாது. இத்தனைக்கும் பிறகு, அறுத்த இடம் தூய்மையாக இருந்தும், நுரையீரலிலோ எலும்பிலோ நோய் தோன்றி இறந்தவர் பலர்.

இதற்கு விடை தேடியவர்களுள் ஜேம்ஸ் பேஜட்டின் மகனும் ஒருவர் என்பது வியப்பிற்குரியது. ஸ்டீபன் பேஜட் என்னும் அம்மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1889-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய் கல்லீரலில் மிகுதியாகப் பரவியிருந்தது. குருதி மிகுதியாகப் பாயும் மண்ணீரலிலோ அரிதாகவே காணப்பட்டது. விதைகள் எங்கும் சிதறினாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும், புற்றுநோயும் அவ்வாறே என்று அவர் விளக்கினார். விதை முன்பே காற்றில் பறந்துவிட்டால், தோட்டத்தை எத்துணை ஆழமாக வெட்டினாலும் பயன் என்ன என்னும் கேள்வி இதிலிருந்து எழுகிறது. அக்கேள்விக்குச் சோதனை வழியே விடை கிடைக்க மேலும் பல்லாண்டுகள் ஆயின.

அளவோடு அறுக்கும் முறை

1948-இல் இலண்டன் மருத்துவர் டேவிட் பேட்டி, பெரிய நெஞ்சுத் தசையை விட்டுவைத்து மார்பகத்தையும் கணுக்களையும் அகற்றும் முறையை வெளியிட்டார். 1971-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்டு ஃபிஷர், ஹால்ஸ்ட்டட் முறையையும் சிறிய அறுவை முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிடும் பெருஞ்சோதனையைத் தொடங்கினார். எந்த நோயாளிக்கு எந்த முறை என்பது மருத்துவர் விருப்பத்திற்கு விடப்படாமல், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் முடிவு செய்யப்பட்டது. 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோதும், மிகுதியாக அறுக்கப்பட்டவர்கள் மிகுதியாக உயிர் பிழைத்ததாகத் தெரியவில்லை.

இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்டோ வெரோனேசி 1973 முதல் 701 பெண்களைக் கொண்டு செய்த சோதனையும், ஃபிஷர் 1976-இல் தொடங்கிய மற்றொரு சோதனையும் மேலும் ஒரு படி சென்றன. மார்பகத்தின் நோயுற்ற பகுதியை மட்டும் அகற்றி, எஞ்சிய பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் போதுமா என்பதே அவை எடுத்துக்கொண்ட கேள்வி. 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. உயிர் பிழைப்பதில் இரு திறத்தார்க்கும் வேறுபாடு இல்லை என்பது உறுதியாயிற்று.

எனினும் பேஜட் நோயைப் பொறுத்தவரை அறுவை மருத்துவர்கள் தயங்கினர். அத்தயக்கத்திற்குக் காரணங்கள் இருந்தன. இந்நோயில் காம்பே நோயுற்றுள்ளது. அதனை விட்டுவைக்க இயலாது. மேலும் உள்ளிருக்கும் நோய் எப்போதும் காம்பின் அடியிலேயே இருப்பதில்லை. சிலருக்குத் தொலைவிலும், சிலருக்குப் பல இடங்களிலும் காணப்படுகிறது. ஆகவே மார்பகம் முழுவதையும் அகற்றுவதே பாதுகாப்பு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. தயங்கியது தவறன்று என்பதற்கு 1991-இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஒரு சிறு ஆய்வு சான்றாகும். கதிர்வீச்சு இன்றி, காம்பையும் அதன் அடிப்பகுதியையும் மட்டும் அறுத்து நீக்கப்பட்ட 10 பேரில் 4 பேருக்கு நோய் திரும்பியது.

நிலைமையை மாற்றியது ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வுக் கழகத்தின் சோதனையாகும். 61 நோயாளர் அதில் பங்குகொண்டனர். அவர்களுக்குக் காம்பும் கருவட்டமும், அவற்றின் அடியிலுள்ள தசையும் கூம்பு வடிவில் அகற்றப்பட்டன. வெட்டிய விளிம்பில் நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்னர் மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. 2001-இல் வெளியான முடிவின்படி, ஐந்து ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது 100-க்கு ஏறத்தாழ 5 பேருக்கே. முன்னதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு கதிர்வீச்சும் தூய விளிம்புமே என்பதை உய்த்துணரலாம்.

ஆகவே இன்று மருத்துவர் முன் இரு வழிகள் உள்ளன. நோய் காம்பை ஒட்டிய ஒரு பகுதியில் மட்டும் இருந்து, தூய விளிம்போடு அதனை அகற்ற முடிந்து, கதிர்வீச்சும் பெறத்தக்க நிலையில் நோயாளி இருப்பின், நடுப்பகுதியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காக்கலாம். நோய் பல இடங்களில் பரவியிருந்தாலும், காம்பிலிருந்து தொலைவில் பெரிய கட்டி இருந்தாலும், கதிர்வீச்சு பெற இயலாதிருந்தாலும் மார்பகம் முழுவதையும் அகற்றுதலே நன்று. பின்னர் விரும்புவோர்க்கு மார்பகத்தையும் காம்பின் உருவத்தையும் ஒட்டறுவையால் மீண்டும் அமைத்துக் கொடுப்பதும் உண்டு.

அக்குளைப் பற்றிய அறுவையும் மாறியுள்ளது. முன்னர் கணுக்கள் அனைத்தையும் அகற்றினர். அதனால் கை வீக்கம் பலரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. 1990களில் வந்த புதுமுறையில், மார்பகத்தில் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, அது முதலிற் சென்றடையும் ஓரிரு கணுக்களைக் கண்டுபிடித்து அவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கின்றனர். ஊரின் நுழைவாயிலில் நிற்கும் காவலனைக் கேட்டுப் பகைவன் புகுந்தானா என்று அறிவது போன்றது இம்முறை. அக்கணுக்களில் நோய் இல்லையேல் மற்றவற்றைத் தொட வேண்டுவதில்லை.

நோயாளியின் பிற்காலம்

பேஜட் நோய் கண்டவர் பிழைப்பாரா என்று கேட்டால், காம்பில் உள்ள புண்ணைப் பார்த்து விடை கூற இயலாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதே விடையை முடிவு செய்யும்.

உள்ளிருக்கும் நோய் இருவகைப்படும். பால்நாளத்தின் சுவரைத் தாண்டாமல் உள்ளேயே அடங்கியிருப்பது ஒருவகை. சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே பரவுவது மற்றொரு வகை. பேஜட் நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கட்டி தட்டுப்படும். கட்டி தட்டுப்பட்டால், உள்ளிருப்பது பெரும்பாலும் பரவும் வகையாகவே இருக்கும். அக்குள் கணுக்களுக்குச் சென்றிருக்கவும் கூடும். கட்டி தட்டுப்படாதவர்களுக்கு உள்ளிருப்பது பெரும்பாலும் நாளத்தினுள் அடங்கிய வகையே. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் உரிய மருத்துவத்தால் குணமடைகின்றனர்.

அமெரிக்காவில் 1988 முதல் 2001 வரை இந்நோய் கண்ட பெண்களைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. அதே வயதுடைய பொதுமக்களோடு ஒப்பிட்டு, நோயாளருள் எத்துணை விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தனர் என்பதை அது கூறுகிறது. பேஜட் நோயாளர் அனைவரையும் சேர்த்து அக்கணக்கு 82.6 விழுக்காடு. எல்லா வகை மார்பகப் புற்றுநோயாளரையும் சேர்த்தால் 87.1 விழுக்காடு. இவ்விரண்டை மட்டும் பார்த்தால் பேஜட் நோய் சற்றே கொடியது என்று தோன்றும். ஆனால் உள்ளே பரவும் வகை இருந்தவர்களை நோயின் நிலைவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போதுதான் உண்மை விளங்கும். முதல் நிலையில் கண்டறியப்பட்டவர்களுக்கு 95.8 விழுக்காடு, இரண்டாம் நிலையில் 77.7, மூன்றாம் நிலையில் 46.3, உடலின் பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நான்காம் நிலையில் 14.3.

நோயின் பெயர் ஒன்றே. அறுவை மருத்துவரின் கைத்திறனும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையே விழுக்காடு பாதிக்கும் கீழாகக் குறைகிறது. இவ்வேறுபாட்டிற் பெரும்பகுதி, நோய் எவ்வளவு தொலைவு சென்றபின் கண்டறியப்பட்டது என்பதைப் பொறுத்தது.

மேற்கண்ட கணக்கிற்குப் பிறகு மருத்துவம் ஒரு படி முன்னேறியுள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். பேஜட் உயிரணுக்களில் 100-க்கு 80 முதல் 90 வரை, ஹெர்-2 எனப்படும் புரதத்தை மிகுதியாகத் தம் மேற்பரப்பில் கொண்டவை. இப்புரதம் நோயை விரைந்து வளரச் செய்வது. முன்னர் இது தீய குறியாகவே கருதப்பட்டது. இப்புரதத்தையே குறிபார்த்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; 2006 முதல் தொடக்க நிலை நோயாளர்க்கும் அறுவைக்குப் பின் கொடுக்கப்பட்டு வருகிறது. பரவும் வகை நோயுடையோர்க்கு இம்மருந்தும், தேவைக்கேற்பப் பிற மருந்துகளும், ஹார்மோன் மருத்துவமும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே பழைய கணக்குகளைக் கண்டு இன்றைய நோயாளர் மனம் தளர வேண்டுவதில்லை.

நாணமும் தாமதமும்

ஜேம்ஸ் பேஜட் காலத்தில் எம்.ஆர்.ஐ. இல்லை, குறிபார்த்துத் தாக்கும் மருந்தும் இல்லை. புண் தோன்றியது முதல் கட்டி தெரியும் வரை இருந்த ஓராண்டுக் காலத்தில் அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. இன்றோ அந்த ஓராண்டே மருத்துவத்தின் பொற்காலம். அக்காலத்தைப் பயன்படுத்திக்கொள்வது நோயாளியின் கையிலும் அவரைச் சூழ்ந்தோர் கையிலும் உள்ளது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. சிங்கப்பூரில் 2002 முதல் நாடு தழுவிய ஊடுகதிர்ச் சோதனைத் திட்டம் நடைபெற்று வருகிறது. 50 வயதான பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். இது பெரிதும் பயன் தருவதே. ஆயினும் சென்ற ஆண்டு எடுத்த படம் நன்றாக இருந்தது என்பதைக் கொண்டு, இவ்வாண்டு காம்பில் தோன்றிய புண்ணைப் பொருட்படுத்தாமல் இருத்தல் கூடாது. படம் காட்டாததைக் கண் காட்டும் நோய் இது என்பது முன்னரே கூறப்பட்டது.

நம் தாய்மார் பலர் கையில் வந்த புண்ணை அன்றே காட்டுவர். மார்பில் வந்த புண்ணை மகளிடமும் கூறத் தயங்குவர். ஆண் மருத்துவரிடம் எவ்வாறு காட்டுவது என்ற நாணமும், புற்றுநோய் என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சமும், வீட்டு வேலையை யார் பார்ப்பது என்ற கவலையும் அவர்களைத் தடுக்கின்றன. தேங்காயெண்ணெயும் மஞ்சளும் தடவிக்கொண்டு, வெண்ணிற உள்ளாடையில் கறை படிவதை மறைத்துக்கொண்டு, நாட்களைக் கடத்துவாரும் உளர். பெண் மருத்துவரே வேண்டும் என்று கேட்பதில் தவறேதும் இல்லை. மகளையோ மருமகளையோ உடன் அழைத்துச் செல்லலாம். களிம்பு கொடுக்கப்பட்டால், எத்தனை நாளில் ஆற வேண்டும் என்று கேட்டு, அந்நாளில் ஆறவில்லையெனில் மீண்டும் செல்லலாம். அப்போது, திசுச்சோதனை வேண்டுமா என்று தாமே கேட்பதும் முறையே.

ஆசிரியர்கள் இதில் ஆற்றக்கூடிய தொண்டு சிறிதன்று. பெற்றோர் கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் நீரிழிவைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் பேசுவது போல இதனைப் பற்றியும் கூச்சமின்றிப் பேசலாம். உடலுறுப்பின் பெயரைச் சொல்வது இழுக்கு என்னும் எண்ணம் வகுப்பறையில் நீங்கினால் வீட்டிலும் நீங்கும். காம்பில் தோன்றும் புண் அனைத்தும் புற்றுநோய் அல்ல. மிகப் பல வெறும் கரப்பானே. ஆனால் ஒரு பக்கத்துக் காம்பில் மட்டும் தோன்றி, மூன்று வாரமாகியும் ஆறாத புண் எதுவாயினும், அதனை மருத்துவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். இவ்வொரு செய்தி ஒவ்வொரு வீட்டையும் சென்றடையுமானால், கட்டி தோன்றுமுன்பே நோயைக் கண்டு, அளவோடு அறுத்து, உயிரையும் உறுப்பையும் ஒருங்கே காக்கும் வாய்ப்பு நம் தாய்மார் பலருக்குக் கிடைக்கும்.